கமாண்ட் ‘தொடரவா?’ என்று கேட்டு நிற்பதை ரெஜெக்ஸால் பிடிக்க முடியுமா?

4 நவம்பர் 2024, மாலை 6.10 (கேள்வி)

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனிக்கு 40 சர்வர் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி 1 மணிக்கு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் அப்டேட் ஓட்டும். நடுவில் ஏதாவது கமாண்ட் கேள்வி கேட்டுவிட்டால் விடியும்வரை அப்படியே நிற்கிறது. அதனால் பிஎக்ஸ்பெக்ட் (திரையில் வருவதைப் பார்த்துப் பதில் அனுப்பும் பைத்தான் மாட்யூல்) வைத்து, அடைப்புக்குறிக்குள் ஒய், சாய்கோடு, என் வந்தால் ஒய் அனுப்பு என்று ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடிப் பிடிக்கிற பேட்டர்ன்) போட்டேன். பெரும்பாலும் வேலை செய்கிறது. மீதியையும் பிடிக்கிற மாதிரி ஒரு நல்ல ரெஜெக்ஸ் யாரிடமாவது இருந்தால் போடுங்கள் அண்ணா.

4 நவம்பர், இரவு 10.45 (பதில்)

முதலில் ஒன்று. அந்தக் கமாண்ட் கேட்டே ஆகவேண்டுமா? ஆப்ட்-கெட்டுக்கு (டெபியன் லினக்ஸில் பேக்கேஜ் போடுகிற கமாண்ட்) ஹைஃபன் ஒய் இருக்கிறது, கேட்காமலே ஆமாம் என்று எடுத்துக்கொள்ளும். டெராஃபார்முக்கு ஆட்டோ-அப்ரூவ் இருக்கிறது. டாக்கர் ப்ரூனுக்கு ஹைஃபன் எஃப் இருக்கிறது. வாயை மூட வழி இருக்கிற கமாண்டைப் பேசவிட்டுப் பிறகு பதில் சொல்லிக்கொண்டிருப்பது வெட்டி வேலை. ஹைஃபன் ஒய் போடுங்கள், முக்கால்வாசிப் பிரச்சினை போய்விடும்.

அப்படி வழியே இல்லாதவற்றுக்குத்தான் ரெஜெக்ஸ். கடைசியில் கேள்விக்குறி, அதற்குப் பின்னால் ஒரு இடைவெளி, அதோடு முடிகிறதா என்று பாருங்கள். போதும்.

5 நவம்பர், காலை 8.50

பறக்கும் ரயிலில் மந்தைவெளியிலிருந்து தரமணி போவதற்குள் யோசித்ததில், நேற்று எழுதிய கடைசி வரி தப்பு. கேள்வி கேட்கிற எல்லாம் கேள்விக்குறி போடுவதில்லை.

நினைவுக்கு வருவதைச் சொல்கிறேன். (போனில் அடிக்கிறேன், பேட்டர்னை எல்லாம் எழுத்துக்கு எழுத்து போட முடியாது, வாயால் சொல்வதுபோல் சொல்கிறேன்.) யம் (ரெட்ஹேட் வகை லினக்ஸில் பேக்கேஜ் போடுவது) கேட்பது ‘இஸ் திஸ் ஓகே’, சதுர அடைப்புக்குறி, கடைசியில் முக்காற்புள்ளி. கேள்விக்குறியே கிடையாது. டெராஃபார்ம் ‘என்டர் எ வேல்யூ’ என்று முக்காற்புள்ளியோடு நிற்கும், அதற்கு முழுசாக ‘எஸ்’ வேண்டும், வெறும் ஒய் செல்லாது. சிஸ்கோ ரௌட்டரில் ரீலோட் கொடுத்தால் சதுர அடைப்புக்குறிக்குள் ‘கன்ஃபர்ம்’ என்று மட்டும் வரும், அதற்கு என்டர் தட்டினால் போதும். காண்டாவில் (இன்னொரு பேக்கேஜ் கருவி) ஒய்யை மட்டும் தனியாகச் சதுர அடைப்புக்குள் வைத்து, அதைச் சுற்றி இன்னொரு வளைவு அடைப்பு. ஈ2எஃப்எஸ்சிகே (வட்டைச் சோதிக்கிற கமாண்ட்) கோண அடைப்புக்குள் ஒய் போட்டுக் கேட்கும். ஆர்எம்முக்கு அடைப்பே இல்லை, ‘இந்தக் கோப்பை நீக்கவா’ என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்கும்.

சிஸ்கோவிலேயே இன்னொன்று: காப்பி கமாண்ட் கொடுத்தால் ‘டெஸ்டினேஷன் ஃபைல்நேம்’ என்று கேட்டு, சதுர அடைப்புக்குள் ஒரு பெயரும், பின்னால் ஒரு கேள்விக்குறியும் வரும். பார்க்க உறுதிக்கேள்வி மாதிரியே இருக்கும். அது கேட்பது பெயர். நீங்கள் ஒய் அனுப்பினால் ஒய்தான் பெயர்.

தரமணி வந்துவிட்டது.

5 நவம்பர், பகல் 1.30

‘சரி, இத்தனையையும் ஒரே ரெஜெக்ஸில் அல்லது-வுக்கான செங்குத்துக் கோடு போட்டுச் சேர்த்துவிடலாமே’ என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். நானும் சேர்த்தேன். அது எப்படி முடிந்தது என்று ராத்திரி எழுதுகிறேன்.

5 நவம்பர், இரவு 11.20

நேற்று ஹைஃபன் ஒய் போட்டால் போதும் என்று எழுதினேன் இல்லையா, அதையும் திருத்துகிறேன். போதாது. எனக்கு அது தெரிந்த விதம் அவமானமான கதை.

டெபியனில் ஒரு பேக்கேஜை மேம்படுத்தும்போது, அதன் கான்ஃபிக் கோப்பை நீங்கள் ஏற்கெனவே கையால் மாற்றியிருந்து, புதிய பேக்கேஜும் அந்தக் கோப்பை மாற்றியிருந்தால், டிபிகேஜி நின்று கேட்கும். ஆப்ட்-கெட்டுக்கு ஹைஃபன் ஒய் கொடுத்திருந்தாலும் இந்தக் கேள்வி வரும், ஏனென்றால் கேட்பது ஆப்ட் அல்ல, அதற்கு உள்ளே ஓடுகிற டிபிகேஜி. அடைப்புக்குறிக்குள் ஒய், ஐ, என், ஓ, டி, இசட் என்று ஆறு எழுத்து, சாய்கோடு போட்டுப் பிரித்து. பக்கத்தில் இன்னொரு அடைப்பில் ‘டீஃபால்ட்’ என்றால் என். முடிவில் கேள்விக்குறி.

என் ரெஜெக்ஸ் என்ன செய்தது? ‘அடைப்புக்குறி திறந்து, ஒய், சாய்கோடு, நடுவில் எதுவானாலும், கடைசியில் கேள்விக்குறி’ என்று நான் தாராளமாக எழுதி வைத்திருந்தேன். கச்சிதமாகப் பிடித்தது. ஒய் அனுப்பியது.

அந்த இடத்தில் ஒய் என்றால் ‘தொடரு’ என்று அர்த்தமில்லை. ‘என் கோப்பைத் தள்ளிவிட்டு உன்னோடதைப் போடு’ என்று அர்த்தம். வெப் சர்வரின் கான்ஃபிக்கை நான் மூன்று வருடமாகச் செதுக்கி வைத்திருந்தேன். காலை 6 மணிக்கு வாடிக்கையாளர் போன் செய்தார், ‘சார், நம்ம சைட்ல வெல்கம்னு வருது, அது என்ன புது டிசைனா?’ என்று.

பழைய கோப்பை டிபிகேஜி பக்கத்திலேயே வேறு வால் ஒட்டி வைத்திருக்கும், அதனால் பிழைத்தேன். ஆனால் சோழிங்கநல்லூர் போகிறவரைக்கும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்து வேர்த்ததுதான் மிச்சம்.

உங்களுக்கான பதில்: டிபிகேஜிக்கு ஃபோர்ஸ்-கான்ஃபோல்டு என்று ஒரு விருப்பம் உண்டு, பழையதையே வைத்துக்கொள்ளச் சொல்லும். அதை ஆப்ட் வழியாகக் கொடுத்துவிடுங்கள். கூடவே டெபியன் ஃபிரன்ட்எண்டை நான்இன்டராக்டிவ் ஆக்குங்கள், டெப்கான்ஃப் (பேக்கேஜின் அமைப்புகளைக் கேட்டு வாங்குவது) கேட்கிற நீலத்திரைக் கேள்விகள் போய்விடும். இரண்டும் வேண்டும், ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

7 நவம்பர், இரவு 9.40

‘கடைசியில் டாலர் குறி போட்டால் வரி முடிவு மட்டும்தானே பிடிக்க வேண்டும், ஏன் கண்ட இடத்தில் பிடிக்கிறது?’ இதற்கு மட்டும் சின்ன பதில்.

பிஎக்ஸ்பெக்ட் ஓடிக்கொண்டிருக்கிற நீரோட்டத்தைப் பார்க்கிறது. அதற்கு ‘முடிவு’ என்றால் இதுவரை வந்து சேர்ந்தது அவ்வளவுதான். அடுத்த துண்டு வந்துகொண்டிருக்கலாம். அதனால் டாலர் குறி அங்கே வரிமுடிவைக் குறிக்காது. அதேபோல் பேட்டர்னின் கடைசியில் புள்ளி-நட்சத்திரம் (எது எத்தனை வந்தாலும் சரி என்று அர்த்தம்) போட்டாலும் பிரயோஜனமில்லை, ஒன்றுமே பிடிக்காது. இன்னொரு தொல்லை: டெர்மினல் வழியாக வரும்போது வரிமுடிவு ஒற்றை எழுத்தாக வராது, கேரேஜ் ரிட்டர்ன், லைன்ஃபீடு என்று ஜோடியாக வரும்.

நிறக் குறிகளையும் முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள். எஸ்கேப் எழுத்து (குறியெண் 27), சதுர அடைப்பு, எண்கள், அரைப்புள்ளி, கடைசியில் எம். கேள்வி பச்சை நிறத்தில் வந்தால் நம் பேட்டர்னுக்கு அது கண்ணுக்கே தெரியாது.

இதெல்லாம் புதுத் தலைவலி இல்லை. அமெரிக்காவில் என்ஐஎஸ்டியில் (தரநிர்ணய நிறுவனம்) இருந்த டான் லிப்ஸ் 1990இல் எக்ஸ்பெக்ட் எழுதியதே இந்த வேலைக்குத்தான். நீங்கள் வைத்திருப்பது அதன் பைத்தான் வாரிசு. எக்ஸ்பெக்ட் 10 விநாடி பொறுக்கும், பிஎக்ஸ்பெக்ட் 30 விநாடி பொறுக்கும், இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். அப்டேட்டுக்கு 30 விநாடி பத்தவே பத்தாது.

9 நவம்பர், மாலை 5.15

நேற்று வந்த புகார்: ‘கேள்வியே கேட்காதபோது என் ஸ்கிரிப்ட் ஒய் அனுப்புகிறது.’ லாக்கைப் பார்த்தேன். ஒரு பேக்கேஜ் தன் மாற்றக் குறிப்புகளைத் திரையில் கொட்டியிருக்கிறது. அதில் ஒரு வரி: ‘இனிமேல் நீக்கும் முன் ஒய்/என் கேட்போம்’. உங்கள் ரெஜெக்ஸ் அதற்கு விசுவாசமாகப் பதில் சொல்லியிருக்கிறது. அனுப்பிய ஒய் எங்கே போச்சு? உள்ளீட்டு வரிசையில் காத்துக்கிடந்து, அடுத்து வந்த நிஜக் கேள்விக்குப் பதிலாகப் போயிருக்கிறது. நீங்கள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

நம்ம ஊர் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஆளாளுக்குப் ‘போலாம், போலாம்’ என்று கத்துவார்கள். டிரைவர் நகரமாட்டார். கண்டக்டர் ‘ரைட்’ சொன்னால் நகரும், விசில் ஊதினால் நகரும். அர்த்தம் ஒன்றுதான், யார் சொல்கிறார் என்பதுதான் கணக்கு. ரெஜெக்ஸுக்கு அந்த ‘யார்’ தெரியாது.

ஓரளவுக்குச் சமாளிக்க நான் வைத்திருக்கிற சோதனை இரண்டு. கேள்வி கடைசி வரியில் இருக்க வேண்டும், அந்த வரிக்குப் பிறகு வரிமுடிவு வந்திருக்கக் கூடாது (கேட்கிற கமாண்டுகள் கர்சரை அதே வரியில் விட்டுவைக்கும்). அப்புறம் ஒரு விநாடி மௌனம் இருக்க வேண்டும்.

9 நவம்பர், இரவு 11.50

அந்த ஒரு விநாடியைப் பற்றி உறுத்துகிறது. மெதுவான நெட்வொர்க்கில் வரியின் பாதி வந்து மீதி ஒன்றரை விநாடி கழித்து வருவதைப் பார்த்திருக்கிறேன். 3 என்று வையுங்கள். 40 சர்வர், ராத்திரி முழுக்க நேரம், அவசரம் என்ன?

10 நவம்பர், ஞாயிறு

எஸ்எஸ்ஹெச் (தூரத்து சர்வருக்குள் நுழைகிற கமாண்ட்) பற்றிக் கேட்ட இன்னொருவருக்கு. ‘ஆர் யூ ஷ்யூர் யூ வான்ட் டு கன்டினியூ கனெக்டிங்’ என்பதற்குப் பின்னால் பல வருடம் ‘எஸ்/நோ’ மட்டும் இருந்தது. 2019இல் ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.0 வந்தபோது சர்வர் சாவியின் கைரேகையையே பதிலாகத் தரலாம் என்று ஆக்கினார்கள், அடைப்புக்குள் ‘ஃபிங்கர்பிரின்ட்’ என்று மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. எஸ்-சாய்கோடு-நோ-அடைப்பு-மூடு என்று இறுக்கமாக எழுதியிருந்த என் ஸ்கிரிப்ட் அன்றைக்கே படுத்தது.

படுத்தது நல்லதுக்குத்தான். புதன்கிழமைக் கதையில் தளர்வான பேட்டர்ன்… இல்லை, அது செவ்வாய், 5ஆம் தேதி. அதில் தளர்வான பேட்டர்ன் தெரியாத கேள்விக்குப் பதில் சொல்லிக் கெடுத்தது. இங்கே இறுக்கமான பேட்டர்ன் தெரியாத கேள்வியைப் பார்த்து நின்றுவிட்டது. நின்றால் காலையில் போய்த் தட்டிவிடலாம்.

இன்னும் ஒன்று, இந்தக் கேள்விக்குத் தானாக ‘எஸ்’ சொல்லவே சொல்லாதீர்கள். நடுவில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறானா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளக் கிடைக்கிற ஒரே இடம் அது. ஸ்ட்ரிக்ட்-ஹோஸ்ட்-கீ-செக்கிங்கில் அக்செப்ட்-நியூ என்று 2017இலிருந்து இருக்கிறது. புதிய சர்வரை ஏற்கும், தெரிந்த சர்வரின் சாவி மாறினால் மறுக்கும். அதைப் போட்டால் கேள்வியே வராது, ஆனால் முதல்முறை அதுவும் சரிபார்க்காமலே ஏற்கும். கைரேகையைக் கையால் சரிபார்த்துச் சேர்க்க வழியே இல்லையென்றால் மட்டும் போடுங்கள்.

14 நவம்பர், இரவு 10.05

‘சர்வரைத் தமிழுக்கு மாற்றினால் என்ன ஆகும்’ என்று விளையாட்டாக ஒருவர் கேட்டார். நான் உட்கார்ந்து மாற்றிப் பார்த்தேன். மழை, வேறு வேலை இல்லை.

லோகேல் (மொழி, ஊர் அமைப்பு) கோப்புக்குள்ளேயே இரண்டு ரெஜெக்ஸ் இருக்கிறது: எது ஆமாம், எது இல்லை. தமிழ் லோகேலில் ஆமாமுக்கான பட்டியலில் ‘ஆ’ இருக்கிறது, இல்லைக்கானதில் ‘இ’ இருக்கிறது. ஆர்எம் போன்ற க்னூ கமாண்டுகள் உங்கள் பதிலை அதை வைத்துத்தான் சரிபார்க்கின்றன. பதிலைப் பிடிக்க சிஸ்டமே ரெஜெக்ஸ் வைத்திருக்கிறது, கேள்வியைப் பிடிக்கத்தான் யாரும் வைக்கவில்லை. (நம்ம ஊரில் ‘பார்க்கலாம்’ என்றாலும் இல்லை என்றுதான் அர்த்தம். அதை லோகேலில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.)

இன்னொரு வேடிக்கை. ஆங்கிலத்தில் எது டீஃபால்ட் என்பதைப் பெரிய எழுத்தில் காட்டுவார்கள்: பெரிய ஒய், சின்ன என் என்றால் என்டர் தட்டினால் ஆமாம். தமிழில் பெரிய எழுத்து ஏது? ஆ/இ என்று எழுதினால் என்டர் தட்டினால் எது நடக்கும் என்று தெரியவே வழியில்லை.

அப்புறம் உங்கள் சொந்தக் கருவி ‘தொடரவா?’ என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானின் சாதாரண ரீ மாட்யூலில் ‘சொல் எழுத்து’ குறியை (பின்சாய்கோடு டபிள்யூ) வைத்துத் தேடினால் ‘த’ ஒரு துண்டு, ‘டரவ’ ஒரு துண்டு. கொம்பையும் காலையும் அது எழுத்தாகவே மதிப்பதில்லை. ரெஜெக்ஸ் என்ற பெயரிலேயே இருக்கிற வெளி மாட்யூல் மதிக்கும். இது போதாதென்று ‘தொ’வின் ஒற்றைக்கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு குறியாகவும் வரலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, பேட்டர்ன் பொருந்தாது. ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சிக்கு (யூனிகோடின் ஒரே சீரான வடிவம்) மாற்றுங்கள்.

நிஜ சர்வரில் என்ன செய்வது? எல்சி-ஆல் என்கிற மொழி அமைப்பை சி (வெறும் ஆங்கிலம்) என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள். ஜெர்மன் லோகேலில் ஆப்ட் ஒய்க்குப் பதில் ஜே காட்டும், பிரெஞ்சில் ஓ. அதற்கெல்லாம் பேட்டர்ன் எழுத ஆயுசு போதாது.

21 நவம்பர், இரவு 9.00

ரெஜெக்ஸ் இல்லாமலே பிடிக்கலாமே என்று ஒரு நண்பர். பிடிக்கலாம், பாதி. லினக்ஸில் ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் சிஸ்கால் (இப்போது கர்னலிடம் என்ன கேட்டு நிற்கிறது) என்று ஒரு கோப்பு இருக்கிறது. கமாண்ட் பதிலுக்காகக் காத்திருந்தால் அங்கே ‘ரீடு, உள்ளீடு பூஜ்யம்’ என்பது தெரியும் (64 பிட் இன்டெல் கணினியில் ரீடின் எண்ணும் பூஜ்யம், இரண்டு பூஜ்யம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்). உண்மையிலேயே காத்திருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. மாற்றக் குறிப்பைக் கொட்டுகிற பேக்கேஜ் இதில் மாட்டாது.

கடவுச்சொல் கேட்கும்போது இன்னும் சுலபம், டெர்மினலில் எக்கோ (தட்டுவதைத் திரையில் காட்டுவது) அணைந்திருக்கும். பிஎக்ஸ்பெக்டிலேயே அதைப் பார்க்க வழி இருக்கிறது. ‘பாஸ்வேர்டு’ என்ற சொல்லைத் தேடத் தேவையில்லை.

ஆனால் எஸ்எஸ்ஹெச் நேரடியாக டெர்மினலைத் திறந்து படிக்கும், உள்ளீடு எண் பூஜ்யமாக இருக்காது. சில கருவிகள் ரீடில் நிற்காமல் செலக்ட் என்ற வேறு அழைப்பில் நிற்கும். தவிர, காத்திருக்கிறது என்று தெரியும், எதற்கு என்று தெரியாது. அதற்கு மறுபடி வாக்கியத்தைப் படித்துத்தான் ஆகவேண்டும். ஆக இது 9ஆம் தேதி சொன்ன மௌனச் சோதனைக்கு மாற்று, ரெஜெக்ஸுக்கு மாற்று இல்லை.

30 நவம்பர், பகல்

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள், தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். இன்வெர்ட்டர் இருக்கிறவரை எழுதுகிறேன்.

உங்கள் பேட்டர்னை முழுசாக அனுப்பியிருந்தீர்கள். ‘புள்ளி-நட்சத்திரம், அடைப்பு, புள்ளி-நட்சத்திரம், ஒய், புள்ளி-நட்சத்திரம், கேள்விக்குறி’. தம்பி, 2019 ஜூலை 2ஆம் தேதி கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் 27 நிமிடம் படுத்தது ஞாபகம் இருக்கிறதா? புள்ளி-நட்சத்திரம் பக்கத்தில் புள்ளி-நட்சத்திரம் வைத்த ஒரு ரெஜெக்ஸ்தான். பொருந்தாத உரை வந்தால் பின்னால் போய்ப் போய் முயன்று சிபியூவைத் தின்றுவிடும். உங்கள் விஷயத்தில் இன்னும் மோசம், ஒவ்வொரு புதுத் துண்டு வரும்போதும் சேர்ந்திருப்பது முழுவதையும் முதலிலிருந்து தேடுகிறீர்கள். சர்ச்-விண்டோ-சைஸ் என்று ஒன்று இருக்கிறது, கடைசி 200 எழுத்து போதும் என்று சொல்லுங்கள். ஆரம்பத்தில் இருக்கிற புள்ளி-நட்சத்திரத்தைத் தூக்குங்கள், தேடும்போது அதற்கு வேலையே இல்லை.

என்னுடையதைக் கேட்டீர்கள். இப்போது ஒரு உரைக்கோப்பு, அதில் 23 வாக்கியம். ஒவ்வொன்றும் கமாண்ட் கேட்கிற முழுக் கேள்வி, பக்கத்தில் அதற்கான பதில். எண்ணோ கோப்புப் பெயரோ வருகிற இடத்தில் மட்டும் ரெஜெக்ஸ். 23இல் எட்டுக்குப் பதில் ‘இல்லை’. இரண்டுக்கு வெறும் என்டர். பட்டியலில் இல்லாத கேள்வி வந்தால் எதையும் அனுப்பாமல் எனக்கு ஒரு செய்தி. கோப்பைத் தரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சர்வர் கேட்கிற கேள்வி வேறு. போன மாத லாக்கில் எங்கெங்கே நின்றது என்று பாருங்கள், பத்துப் பதினைந்து கேள்விக்கு மேல் தேறாது.

5 டிசம்பர், இரவு 11.30

பார்த்துச் சொன்னதற்கு நன்றி. 11 கேள்வி. அதில் நான்கு ஆர்எம், எழுத அனுமதியில்லாத கோப்பை நீக்கவா என்று கேட்டது. அதை வாசித்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்தேன்.

ஆர்எம் இந்தக் கேள்வியை உள்ளீடு டெர்மினலாக இருந்தால் மட்டும்தான் கேட்கும். க்ரானில் (நேரம் வைத்துத் தானாக ஓட்டுவது) நேராக ஓடியிருந்தால் கேட்டிருக்காது. பிஎக்ஸ்பெக்ட் ஒரு பொய் டெர்மினலைக் கட்டிக்கொடுக்கிறது, ஆர்எம் யாரோ மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக் கேட்கிறது. ஆக அந்த நான்கு கேள்வியும் நாம் பதில் சொல்ல ஆள் வைத்ததால் வந்தவை. ஒரு மாதமாக இதைச் சொல்லாமல் வேறு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிஎக்ஸ்பெக்டை எடுத்துவிட்டால் அந்த நான்கும் நின்றுவிடும். கேட்காது, அழித்துவிடும். எழுத அனுமதியை யார் எடுத்தது, ஏன் எடுத்தார்கள் என்று உங்கள் ஆபீஸில் முதலில் விசாரியுங்கள். அதுவரை எடுக்காதீர்கள்.